ஐம்பது இருந்தால் உயிர்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பதினோரு வயது மூத்த பேராசிரியரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட உண்மையான உரிமையுள்ள ஒரே ஆள் அவளுடைய தம்பி. அவன் அவளை மேடம் என்று கூப்பிட்டான்.

அக்காவின் வேலை எண்ணுவது. மூளைக் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை வட்டத் தட்டுகளில் விதைப்பார்கள். அடித்தளத்தில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துக் கதிர் பாய்ச்சுவார்கள். பன்னிரண்டு நாள் வளரவிட்டு ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால், பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகிப் பெருகி ஓர் ஊதாப் புள்ளியாக நிற்கும். புள்ளியில் ஐம்பது செல் இருந்தால் பிழைத்ததாகக் கணக்கு. நாற்பத்தொன்பது இருந்தால் செத்ததாகக் கணக்கு. அந்த நாற்பத்தொன்பதும் ஒட்டி உறவாடிக்கொண்டு சௌக்கியமாக இருந்தாலும் அப்படித்தான். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ போட்ட கோடு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதின்மூன்று வருடமாக அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணியிருக்கிறாள். இப்போதெல்லாம் புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் ஐம்பதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். புதிதாகச் சேருகிறவர்களை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிற வரை பேராசிரியர் விடமாட்டார். சுவர்க் கடிகாரம் தப்பினாலும் அக்கா தப்பமாட்டாள் என்று அங்கே ஒரு பேச்சு. அது அவள் காதிலும் விழுந்தது. கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் நம்பியும்விட்டாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாம், வேண்டாம் என்று விரட்டிவிட்டு, ஒருவரும் கேட்காமல் போனதும் அதற்காகவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அக்காவோடு குடியிருந்தான். வாய் மட்டும் அவனுக்கு முழ நீளம். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், கதவைத் திறப்பதற்கு முன்னால், "உள்ள சௌகரியமா இருக்கா? இன்னும் கொஞ்ச நேரம் இருக்கீங்களா?" என்று கேட்பான். அதற்காக இரண்டு முறை அடிவாங்கவும் பார்த்தான்.

மூன்று மாதம் முன்பு ஒரு நாள், பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம் ஸ்பேனரைக் கேட்கக் கையை நீட்டினான். கை நீண்டது, பெயர் வரவில்லை. ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு, "அதை... அந்த இதை..." என்று நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் ஒரு வார்த்தை இல்லாமல் போனது. ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டிக் கட்டி. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மிச்சத்தைத் தொட்டால் பேச்சும் கூடவே வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். அதற்குத்தான் ரேடியேஷன்.

அந்தக் கட்டியின் செல்லுக்குச் சாகிற புத்தி இல்லை. கதிர் பட்டு உள்ளே இழை அறுந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துக்கொண்டு எழுந்துவிடும். அந்தத் தையல் வேலையை நிறுத்துகிற மருந்து ஒன்றைத்தான் அக்காவின் ஆய்வகம் நாலு வருடமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டுக் கதிர் பாய்ச்சினால் செல் எழுந்திருக்கக் கூடாது. அவள் இதைத் தம்பிக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆக, லிஃப்டை உடைச்சிட்டு, மெக்கானிக்கோட டூல் பையைத் திருடிடறீங்க."

"அப்படித்தான்."

"என் தொழிலுக்கே விரோதியா ஒரு மருந்து. அதையும் எனக்கே குடுக்கப் பாக்கறீங்க, மேடம்."

எதிர்ச்சாரியில் இருந்த மருத்துவமனை இந்த மருந்தை முதல் தடவையாக இருபது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தயாராக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஆய்வகத்தின் மூன்றாவது, கடைசிச் சோதனை தேற வேண்டும். கட்டிச் செல் நன்றாகச் சாக வேண்டும். அதே மருந்து போட்ட நல்ல மூளைச் செல் நூற்றுக்குத் தொண்ணூறாவது பிழைக்க வேண்டும். நல்ல செல்லும் கட்டியோடு சேர்ந்து மடங்கினால், பேச்சுக்குப் பக்கத்தில் கட்டி இருக்கிறவனின் கதி என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவமனைக் குழு கூடுகிறது. அடுத்த திங்கள் தம்பிக்கு ரேடியேஷன் தொடங்குகிறது. இருபது பேர் பட்டியலில் அவன் ஏழாவது.

ஆய்வகத்தில் இது யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு நோயாளி என்றால் ஓர் எண், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தக் கட்டி உண்டா என்று யாராவது கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று அவள் ஒரு நியாயம் வைத்திருந்தாள். சப்பைக்கட்டுதான். அவளுக்கும் தெரியும்.

எண்ணும் நாளன்று காலையில் தம்பி வாசல்வரை வந்தான். பாதித் தலையில் முடி, பாதித் தலையில் தையல்.

"மேடம், கொஞ்சம் பாத்து எண்ணுங்க."

"எப்பவும் பாத்துத்தான்டா எண்ணறேன்."

தட்டுகளின் அடியில் வெறும் எண்தான் எழுதியிருக்கும். எது மருந்து போட்டது, எது போடாதது என்ற விவரம் பேராசிரியரின் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவதாகப் பேராசிரியர் எண்ண வேண்டும். அக்காவுக்கு ஜோடியாக எண்ணியவரை எல்லோரும் கொட்டாவி என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயது ஆராய்ச்சியாளர், வீட்டில் எட்டு மாத இரட்டைக் குழந்தைகள். அவர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார் என்று சொல்வது மிகையில்லை.

இரண்டு நாள் எண்ணினார்கள். பேராசிரியர் அறையைப் பூட்டிக்கொண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அக்காவின் எண்ணிக்கைப்படி, கதிர் மட்டும் பட்டால் பிழைக்கிற நூறு கட்டிச் செல்லில் மருந்தோடும் பிழைத்தது ஐம்பத்திரண்டு. நல்ல செல்லில் தொண்ணூற்றாறு. எல்லோரும் நாலு வருடமாகக் காத்திருந்த எண்கள். கொட்டாவியின் கணக்கில் கட்டிச் செல் அறுபத்துமூன்று பிழைத்திருந்தது, நல்ல செல் எழுபத்தெட்டுதான். விதிப்படி மூன்றாவது எண்ணிக்கை வேண்டும். பேராசிரியருக்குக் கண்புரை அறுவை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா எண்ணினா எண்ணினதுதான்," என்றார் பேராசிரியர். கொட்டாவியைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போய் ஒரு நாள் தூங்குங்க," என்றார். அதோடு அறிக்கை முடிந்தது.

கொட்டாவி கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அதற்கும் தெம்பில்லை. ஆனால் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதர், எங்கே தப்புகிறார் என்று காட்டிவிட்டால் அடுத்த தடவை உதவும் என்று, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ரோஸ்கோப்பில் ஒரு தட்டை வைத்து அவரைக் கூப்பிட்டாள். உபகாரம் செய்யப் போனவள் அவள்தான் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

"இந்தப் புள்ளி. நான் பாத்த உடனே சொல்வேன், நாப்பத்தேழு. நீங்க உயிர்னு போட்டிருக்கீங்க."

"எண்ணிப் பாக்கலாமா அக்கா?"

ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணினார்கள். ஐம்பத்துமூன்று வந்தது. மறுபடியும் எண்ணினார்கள். ஐம்பத்துமூன்று.

"சரி, ஒண்ணு தப்பும்," என்றாள். அடுத்த புள்ளி அவள் கண்ணுக்கு நாற்பத்தெட்டு. எண்ணினால் ஐம்பத்திரண்டு. வேறு வகைத் தட்டு ஒன்றை எடுத்தாள், நல்ல செல். "இது அம்பத்தொண்ணு, சந்தேகமே இல்லை." எண்ணினால் நாற்பத்துநாலு. அடுத்தது நாற்பத்தைந்து.

"எனக்கும் இப்படித்தான் வந்துது," என்றார் கொட்டாவி, ஒரு கொட்டாவியோடு. "விடுங்க அக்கா. பாஸ் உங்க எண்ணிக்கையைத்தான் அனுப்பிட்டாரே." அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அக்கா நகரவில்லை. அந்தத் தட்டுகளில் ஊதா கொஞ்சம் வெளுத்திருந்தது. செல்கள் சற்றே தட்டையாகப் பரந்து கிடந்தன. மருந்து பட்ட செல்லுக்கு அப்படி ஆகும். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. பதின்மூன்று வருடம் இதையே பார்த்த கண்ணுக்குத் தெரியும். அடியில் எண் மட்டும் எழுதியிருந்தால் என்ன, எழுதாமல் இருந்தால் என்ன, ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போதே அது எந்தத் தட்டு என்று அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மருந்து பட்ட புள்ளிகள் சிறுத்துப் போய் முக்கால்வாசி ஐம்பதுக்கு முன்னும் பின்னும் நின்றன. கட்டியென்றால் கீழே தள்ளியிருக்கிறாள். நல்ல செல்லென்றால் மேலே தூக்கிவிட்டிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு தடவைகூட மனசறிந்து செய்யவில்லை. முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. தன் கண்ணைத் தானே கையும் களவுமாகப் பிடித்தவள் வேறு எப்படி இருப்பாள்?

அன்று புதன்கிழமை. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தம்பி சமையலறைத் தரையில் மிக்ஸியைக் கழற்றிப் பரப்பியிருந்தான். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவன் எதிரில் உட்கார்ந்து, கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்ல வீட்டுக்குப் போற மெக்கானிக் பையையும் திருடுது உன் மருந்து," என்றான் அவன், எல்லாம் கேட்டுவிட்டு.

"ஆமா."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

"அந்தக் கொட்டாவிக்கு?"

"அவருக்கு எது எந்தத் தட்டுன்னு தெரியாது. தன்மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருக்கார்."

அவன் ஒரு திருகாணியை எடுத்து விரலில் உருட்டினான். "என்னத்துக்கு இதை என்கிட்ட சொல்ற? நான் நோயாளி. நான் வேணும்னுதான் சொல்வேன்."

"கேக்கணும்னு தோணுச்சு."

"வேணும்." திருகாணியைக் கீழே வைத்தான். "அக்கா, எனக்கு வேணும். அறுபத்துமூணோ, அம்பத்திரண்டோ, கட்டி சாகுதில்ல? எனக்கு அது போதும். எண்ணினது எண்ணினதா இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத."

அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் பேராசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பெரிய தர்மசிந்தனை எல்லாம் இல்லை. அறிவியலின் மானம், பட்டியலில் இருக்கும் மற்ற பத்தொன்பது பேர், இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்ன காரணங்கள். அவள் கண்முன் நின்றது அந்த எழுபத்தெட்டுதான். நூற்றில் இருபத்திரண்டு நல்ல செல். அந்த இருபத்திரண்டுக்குள் ஸ்பேனரின் பெயர் இருக்கலாம். அவளைக் கூப்பிடுகிற மேடம் என்ற வார்த்தை இருக்கலாம். தன் ஆசைக்காகத் தானே தூக்கிவிட்ட புள்ளிகளைத் தம்பியின் தலைக்குள் கொண்டுபோய் வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா எண்ண விட்டிருக்க மாட்டீங்க."

"ஆமா, அதுக்குத்தான் சொல்லியிருக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போன வருஷம் எண்ணினது? அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்ப என் தம்பிக்குத் தலைவலி இல்லை சார்."

"இதை நான் எப்படி எழுதறது?"

பதின்மூன்று வருட எண்ணிக்கையிலிருந்து அங்கங்கே எடுத்து வேறு ஆட்கள் திரும்ப எண்ணுவது என்று முடிவாயிற்று. அவளைத் தட்டு கழுவுகிற அறைக்கு மாற்றினார்கள். கொட்டாவி அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பே அறிக்கை திரும்ப வந்துவிட்டது. மருந்தின் அளவைக் குறைத்து, கொடுக்கிற நேரத்தை மாற்றி, முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு வருடம் ஆகும். தம்பிக்கு மருந்தில்லாத வெறும் ரேடியேஷன்தான்.

வியாழக்கிழமை மாலையே அவனிடம் சொன்னாள். "சொல்லிட்டேன்டா."

அவன் அவளைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்து நின்றாள். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதோடு பேச்சு நின்றது.

முதல் நாலைந்து நாள் அவள் அதைக் கோபம் என்றே நினைத்தாள். அவனுக்குக் கோபப்பட உரிமை இருந்தது, பேசாமலே இருக்கட்டும் என்று விட்டாள். ரேடியேஷனுக்கு அவளோடு வரமாட்டான். தனியாகப் பஸ் பிடித்துப் போனான். தேவையானதைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். பால் தீர்ந்தது. சோப்பு இல்லை. மாத்திரை எடுத்தாயிற்று, கேட்காதே. போன் வந்தால் எடுக்காமல் பதில் எழுதி அனுப்பினான்.

இரண்டாவது வாரம் அவளுக்கு வேறு பயம் பிடித்தது. ரேடியேஷன் தொடங்கினால் மூளை வீங்கலாம், கொஞ்ச நாள் பேச்சு தடுமாறலாம், போகவும் போகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பேச்சு போனாலும் எழுத்து நிற்கும் ஆட்கள் உண்டு என்றும் சொல்லியிருந்தார். ஆகவே சீட்டை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. இவன் பேசமாட்டேன் என்கிறானா, பேச வரவில்லையா? கதவில் காதை வைத்துப் பார்த்தாள். இருமல் கேட்டது. இருமலுக்கு வார்த்தை தேவையில்லை. வேண்டுமென்றே அவன் டூல் பையை இடம் மாற்றி வைத்தாள். அவன் தேடி எடுத்து, பழைய இடத்தில் வைத்து, "தொடாதே" என்று சீட்டு ஒட்டினான். அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஆய்வகத்தில் சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து மருத்துவமனைக்குப் போனாள். ரேடியேஷன் பிரிவு நீளமான தாழ்வாரத்தின் கடைசியில். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் தொப்பி போட்ட மனிதர்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தம்பி. விளக்கு அணைந்ததும் இயந்திரத்தை இயக்குகிற பெண் வெளியே வந்தாள். அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் அவனோட அக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் உள்ள பேசறானா? உங்ககிட்ட ஏதாவது ஒரு வார்த்தையாவது பேசறானா?"

அந்தப் பெண் தனக்குப் பின்னால் இருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி நின்றான். தலையை அசையாமல் பிடிக்கிற வலைமூடியின் தடம் நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்றான்.

அக்கா அந்தப் பெண்ணின் கையை விட்டாள்.

"ரெண்டரை வாரமா ஒரே வீட்டுல இருக்க. கதவுல காது வெச்சுக் கேக்கத் தெரியுது, குழாயைத் திறந்துவிட்டு அழத் தெரியுது, தட்டித் திறந்து கேக்கத் தெரியலை. பதின்மூணு வருஷம் மைக்ரோஸ்கோப்ல பூச்சி பாத்துப் பாத்து உனக்கு மனுஷனைப் பாக்கறதே மறந்துபோச்சு. ஈவிரக்கமில்லாத ஜென்மம். கூடப் பொறந்தவன் வாய்விட்டு வேணும்னு கேக்கறான், மறுநாள் காலையில குளிச்சு முழுகிப் போய்ப் போட்டுக்குடுத்துட்டு வர. ஊர்ல அவனவன் தம்பிக்குப் பொய் சாட்சி சொல்றான், ஆள்மாறாட்டம் பண்றான், எனக்குன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன்னால பொய் சொல்ல முடியலையா?"

"சொன்னேன்டா. ரெண்டு நாள் முழுக்க உக்காந்து சொன்னேன். எனக்கே தெரியாம சொன்னேன்."

நாற்காலியில் இருந்த தொப்பிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதையாவது ஒழுங்காச் சொல்லித் தொலைச்சியா?"

பிறகு அவன் நிறுத்தவில்லை. வெளியே போகிற பக்கம் நடக்கத் தொடங்கி, நடந்துகொண்டே திட்டினான். கல்நெஞ்சுக்காரி என்றான். எண்ணெய் வழிகிற நேர்மை என்றான். சின்ன வயதில் அவன் கண்ணாடியை உடைத்ததை அப்பாவிடம் சொன்னவளும் அவள்தான் என்றான். அது உண்மைதான். இந்த மருந்து இல்லாததால் தனக்கு ஏதாவது ஆனால், அவள் போகிற ஒவ்வொரு லிஃப்டையும் ரெண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி வைக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சாவேன் என்றான்.

கட்டி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மருந்து கொடுத்திருந்தால் நன்றாகவே ஆகியிருக்கலாம். அந்த எண்ணம் இனி அவளை விடப்போவதில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் அவள் அவன் பக்கத்திலேயே நடந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஈவிரக்கமில்லாத என்பது லேசான வார்த்தை இல்லை. ஆள்மாறாட்டம் அதைவிடக் கஷ்டம். ஒன்றும் குழறவில்லை. எதற்கும் அவன் நின்று தேடவில்லை. அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப என்னத்துக்கு அழற? திட்டினா அழற ஆளா நீ?"

"இல்லை."

"சிரிக்கவும் செய்யற. பைத்தியமா மேடம் உனக்கு?"

"இல்லடா. நீ பேசு," என்றாள் அக்கா. "இன்னும் நெறைய இருக்குமே. எல்லாத்தையும் சொல்லு."

அவன் சொன்னான். பஸ் வருகிறவரைக்கும் சொன்னான்.